மனைவியின் தொழில் என்ற கட்டம்

டான்டன் மொன்சாலேவுக்கு முப்பத்து மூன்று வயது ஆக இன்னும் ஆறு வாரம்தான் பாக்கி. பிறந்தநாள் என்றால் ஊரில் எல்லாருக்கும் நூடுல்ஸ், கேக், பாட்டு. அவனுக்கு மட்டும் ஐந்து மதிப்பெண் நஷ்டம். குடியேற விண்ணப்பிக்கிறவனுக்கு முப்பத்திரண்டு வரைக்கும் ஆஸ்திரேலியாக்காரன் வயதுக்கென்று முப்பது கொடுக்கிறான்; முப்பத்து மூன்று ஆன அன்றைக்கே அதை இருபத்தைந்தாக்கி விடுகிறான்.

டான்டனிடம் இப்போது இருந்தது எழுபது. அதைச் சேர்க்கவே மூன்று வருஷம் ஓடியிருந்தது. ஆங்கிலத் தேர்வை மூன்று முறை எழுதி, மூன்றாவது தடவை உச்சபட்சமான இருபதை வாங்கினான். அன்றைக்கு அலுவலகத்தில் எல்லாருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்து, தானும் நாலு தின்றான். ஆனால் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் அவனைப் போன்றவர்கள் உலகம் முழுக்க வரிசையில் நிற்கிறார்கள். தொண்ணூறு இல்லாதவனை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடிலெய்டில் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்த அவனுடைய அக்கா ஹெர்மி, ஞாயிறு தவறாமல் வீடியோவில் வந்து இதைச் சொல்லிக் காட்டுவாள். "கல்யாணம் ஆகாதவனுக்குப் பத்து மார்க் இருக்குடா. ஆறு வருஷம் முந்தி அவசரப்பட்டுட்ட!"

"இப்பக்கூட விட்டுடச் சொல்லுங்க அக்கா. பத்துதானே, தாராளமா எடுத்துக்கட்டும்" என்று பின்னாலிருந்து நெர்லின் குரல் கொடுப்பாள். மூவரும் சிரிப்பார்கள். பிலிப்பைன்ஸில், இலோய்லோ நகரத்தின் அந்தச் சின்ன வீட்டில் அதுவரைக்கும் இந்த விவகாரம் சிரிப்பாகத்தான் இருந்தது.

கடைசி முயற்சியாக விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்புவது என்று முடிவாயிற்று. துணைவியின் கையெழுத்தும் வேண்டும் என்றார் விசா ஏஜென்சி நடத்திய பெல்டா மேம். அந்த ஏஜென்சிக்கு நெர்லின் அதுவரை வந்ததே கிடையாது. காகிதங்களை எல்லாம் டான்டனே தூக்கிக்கொண்டு அலைந்தான். அன்று அவள் பட்டறையிலிருந்து நேராக வந்தாள். மேலே வேறு சட்டை மாட்டியிருந்தாள். ஆனால் கழுத்தில் கரியும், முன்கையில் தீப்பொறி பட்ட பொட்டுப் பொட்டான தழும்புகளும் அப்படியே இருந்தன. டான்டன் அவளை ஓரமாக உட்கார வைத்தான்.

உட்கார்ந்ததும் நாற்காலி ஆடியது. நெர்லின் எழுந்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"இதை யாரு பத்த வச்சா?"

பெல்டா மேம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "போன மாசம்தான் ஒரு ஆள் வந்து சரி பண்ணிட்டுப் போனாரு. ஏம்மா?"

"உருகி உள்ள இறங்கவே இல்ல மேம். மேலாப்ல சளி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. குண்டா ஒருத்தர் உக்காந்தா அவ்வளவுதான். இதுல யாரையும் உக்கார வைக்காதீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெல்டர் மேம் நான். ஜாரோவுல, ஜீப்னி பாடி கட்டற பட்டறை. எட்டு வருஷம் முடிஞ்சு ஒன்பது நடக்குது. அரசாங்கத் தொழிற்பயிற்சி சர்டிபிகேட்டும் இருக்கு."

பெல்டா மேம் கோப்பைத் திறந்தார். முதல் பக்கம், டான்டன் தன் கையால் மூன்று வருஷத்துக்கு முன்னால் நிரப்பிய தாள். விரலை வைத்து ஒரு கட்டத்தைக் காட்டினார்.

"இங்க மனைவியின் தொழில்னு கேட்டதுக்கு 'வீட்டு வேலை'ன்னு எழுதியிருக்கே?"

டான்டனுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. பக்கத்து நாற்காலியில் அவன் கல்லூரித் தோழன் ஒருவன், டாக்டர் மனைவியோடு வந்து, இவன் எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். டான்டன் வீட்டுக் கூடத்தில் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் போட்ட அவனுடைய பட்டமளிப்புப் படம் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. அவன் அம்மா, மருமகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "ஒரு கடைல கூடமாட ஒத்தாசை" என்பாள். பேனா ஒரு நிமிஷம் நின்றது. பிறகு எழுதிவிட்டது.

"அட மண்டு" என்றார் பெல்டா மேம். அவர் சாதாரணமாக வாடிக்கையாளரைத் திட்டுகிறவர் அல்ல. கணினியைத் திருப்பி வைத்தார். "இந்த லிஸ்டைப் பாரு. வெல்டர், கொத்தனார், டைல்ஸ் போடறவங்க, நர்ஸ், சமையல்காரர். ஆள் கிடைக்காம அவங்க தவிக்கறது இவங்களுக்குத்தான். அறுபத்தஞ்சு இருந்தா மாநில அரசே கூப்பிடும். மூணு வருஷமா வீட்டுல வெல்டரை வச்சுக்கிட்டு, நீ எனக்குச் சாப்ட்வேர் கதை சொல்லிட்டிருக்க!"

நெர்லின் அந்தப் பட்டியலைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை நிமிர்த்திச் சுவரோரம் தள்ளிவிட்டு, கையெழுத்துப் போடாமல் வெளியே போய்விட்டாள்.

திரும்பும்போது ஜீப்னி என்கிற அந்த ஊர் ஷேர் வண்டியில் அவள் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கடைசியில்தான் டான்டனுக்கு இடம் கிடைத்தது. காசு கைமாறிக் கைமாறி முன்னால் போயிற்று. எல்லாருடைய காசையும் நெர்லின் வாங்கி டிரைவரிடம் கொடுத்தாள். டான்டனின் காசு வந்தபோது மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். கோழிக்கூடையோடு இருந்த ஒரு பெரியவர் அவளைத் தாண்டி எட்டிக் கொடுத்தார். வண்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் விஷயம் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் டான்டன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "நெர், மேம் சொன்னதை யோசிச்சியா? உன் பேர்லயே போட்டா..."

"வீட்டு வேலை செய்யறவளை எதுக்கு ஆஸ்திரேலியாவுல கூப்பிடப் போறான்?" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், கருவாடு வறுத்தாள், பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்தாள். அவனோடு மட்டும் பேச்சில்லை.

ஆஸ்திரேலியா போவது இப்போது ஒரு ஆளின் சம்மதத்தில் நின்றது. அந்த ஆளை எழுத்தில் இல்லாமல் செய்ததே தான்தான் என்பது டான்டனுக்கு உறுத்தியது. அடுத்த சனிக்கிழமை, அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அவன் ஜாரோ பட்டறைக்குப் போனான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த வாசலை மிதித்தது அன்றுதான்.

பட்டறை முதலாளி பெர்டிங் கேட்டார். "யாரு? அட, நெர்லின் வீட்டுக்காரரா! டேய், நெர்லின் புருஷன் வந்திருக்காருடா, ஸ்டூல் போடு!"

இந்தப் பேரில் அவனை யாரும் கூப்பிட்டதில்லை. விஷயத்தைச் சொன்னான். இத்தனை வருஷம் வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும்.

"லெட்டர் எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன். பில்லு, ரசீது எல்லாம் கேட்டா எங்கிட்ட எது? ஆனா வண்டி இருக்கே!" பெர்டிங் அவனை ஒரு பாதி முடிந்த ஜீப்னியின் பின்னால் இழுத்துப் போனார். "படிக்குக் கீழ கைய விடு. தடவிப் பாரு."

விரலில் ஏதோ மேடாகத் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தான். இரும்பில் உருக்கி வரைந்த ஒரு சின்ன மீன்.

"ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அடையாளம். வேலைல குறை வந்தா யாருதுன்னு தெரியணுமில்ல? மீனு அவளுது."

"எத்தனை திரும்பி வந்திருக்கு, அண்ணே?"

"ஒன்னே ஒன்னு. அதுவும் டிரைவர் குடிச்சிட்டுத் தென்னை மரத்துல கொண்டு போய் விட்டது."

அடுத்த இரண்டு வாரம் டான்டன் பண்ணிய கூத்தை இலோய்லோவின் ஜீப்னி டிரைவர்கள் இன்னும் மறக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அலுவலக அட்டை. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் முட்டி போட்டுப் படிக்கு அடியில் தலையை விட்டான், போட்டோ எடுத்தான்.

"என்ன சார், காசு விழுந்துடுச்சா?"

"இல்ல. என் பொண்டாட்டி வேலையைத் தேடறேன்."

"எங்க வீட்ல அதுவா நம்மளத் தேடி வரும் சார்!"

எட்டாம் நாள், அலுவலகத்துக்குத் தினமும் போகும் வண்டியில் ஏறப் போனவன் சும்மா படிக்கு அடியில் பார்த்தான். மீன் இருந்தது. நாலு வருஷமாக இந்தப் படியில்தான் கால் வைத்து ஏறியிருக்கிறான். மழையில் வழுக்கியபோது இந்தக் கம்பியைத்தான் பிடித்திருக்கிறான். அங்கேயே ரோட்டில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் ஏற நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் ஏறினான்.

முப்பத்தொரு வண்டி சேர்ந்ததும் ஒரு மாலை போனை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். நெர்லின் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இது பவியா ரூட்டு வண்டி. இதுக்கு மீனுக்கு வாலு சரியா வரல... இதைக்கூடக் கண்டுபிடிச்சியா?"

"வெட்கப்பட்டுத்தான் நெர் அப்படி எழுதினேன்."

"என் வேலைக்கா, எனக்கா?"

"அப்பத் தெரியல. இப்ப என்னைப் பார்த்துத்தான் வெட்கமா இருக்கு. தப்பு பண்ணிட்டேன்."

அவள் ஒரு துண்டு கருவாட்டைப் பிய்த்து அவன் தட்டில் போட்டாள். இருபது நாளில் அவளாக அவனுக்கு எடுத்துப் போட்ட முதல் துண்டு அது. அவன் முள்ளோடு சேர்த்து விழுங்கினான்.

பெல்டா மேம் புதுக் கோப்புப் போட்டார். நெர்லினின் வயது முப்பது. அதற்கு முப்பது மதிப்பெண். எட்டு வருஷத்துக்கு மேல் வேலை, பதினைந்து. தொழிற்சான்று, பத்து. மாநிலம் கூப்பிட்டால் ஐந்து. "அறுபது" என்று நிறுத்தினார். டான்டன் விரல்விட்டு மறுபடியும் கூட்டிப் பார்த்தான்.

"புருஷனுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சா அஞ்சு" என்றார் மேம். "அறுபத்தஞ்சு. முடிஞ்சுது."

"மூணு தடவை எழுதி இருபது வாங்கினேனே மேம்!"

"அது உன் கணக்குல இருபது. அவ கணக்குல நீ அஞ்சுதான்."

"அஞ்சு போதும் மேம். அந்த அஞ்சு இல்லாட்டி நான் எங்க போக?" என்றாள் நெர்லின்.

மணிலாவில் கைவேலைத் தேர்வு நடந்தது. அவள் பற்றவைத்த குழாயை அறுத்துப் பார்த்த அதிகாரி, இன்னொன்று பண்ணச் சொல்லி அதையும் தன் ஆட்களுக்குக் காட்டினார். ஆங்கிலத் தேர்வுக்குத்தான் பயந்தாள். பேசும் பகுதியில் 'நீங்கள் செய்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று வந்தது. நேரம் முடிந்தது என்று மூன்று முறை சொல்லித்தான் அவளை நிறுத்த வேண்டியிருந்ததாம். டான்டனின் பிறந்தநாள் நடுவில் வந்து போயிற்று. நூடுல்ஸ் தின்றார்கள், தெரு முழுக்கக் கேட்கப் பாடினார்கள். ஐந்து மதிப்பெண் போனதை யாரும் கவனிக்கவில்லை.

தெற்கு ஆஸ்திரேலியா ஐந்தாம் மாதம் அழைத்தது. டான்டனின் அம்மா அன்றே போய் ஒரு படச்சட்டம் வாங்கி வந்து, மருமகளின் சான்றிதழை மாட்ட இடம் வேண்டும் என்று மகனின் படத்தை ஒரு சாண் நகர்த்தினாள். ஞாயிற்றுக்கிழமை ஹெர்மி அக்கா வீடியோவில் கத்தினாள். "முக்கிய விண்ணப்பதாரர் யாருடா?"

"நெர்லின். நான் கூடப் போறவன்க்கா."

"பத்து மார்க்குக்காக உன்னை விட்டுடாம இருந்தாளே, அவ காலைத் தொட்டுக் கும்பிடு!"

அன்று சாயங்காலம் நெர்லின் கணினி முன்னால் உட்கார்ந்து விசா விண்ணப்பத்தைத் தானே நிரப்பினாள். ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதுவது அவள் வழக்கம். டான்டன் காபி கொண்டு வந்து பின்னால் நின்றான். கணவரின் தொழில் என்ற கட்டம் வந்தது. அவள் 'வீட்டு வேலை' என்று தட்டினாள்.

டான்டன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இருக்கட்டும் நெர். எனக்கு வேண்டியதுதான்."

அவள் திரும்பி அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு, அவன் வேலையின் முழுப் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் பிழையில்லாமல் தட்டினாள்.

"இது கவர்மென்ட் பாரம்" என்றாள். "பொய் எழுதக் கூடாது."