குழியில் இருபத்தொன்பது

கணவர் ஆர்வில் இறந்த பிறகும் லெனோரா ஹாக்லண்ட் விடிவதற்கு முன்பே எழுந்துகொண்டிருந்தாள். எழுந்து, அவருடைய ரப்பர் பூட்ஸுக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, டார்ச்சுடன் பின்பக்கம் போய், கம்பத்தில் மாட்டியிருந்த ஃபாரன்ஹீட் வெப்பமானியைப் பார்ப்பாள். ஆர்வில் ஆறடிக்கு மேல் உயரம். தன் கண் மட்டத்துக்குத்தான் அதை மாட்டி வைத்திருந்தார். அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏற வேண்டியிருந்தது. மூச்சுப்பட்டு மூக்குக்கண்ணாடி மங்கும். துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பாள். எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே சமையலறைக்குத் திரும்பி, தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள்.

தொலைபேசி அடிக்காது.

ஆர்வில் இருந்தவரை குளிர்காலம் முழுக்க அது அடித்தது. வெல்டன் ஊர் ரேடியோவில் காலை வானிலை சொல்லும் பால்மர் ஸ்டூவ், ஒலிபரப்புக்கு முன்னால் இரண்டு வீடுகளைக் கூப்பிடுவார். முதலில் மேட்டு வீட்டு எல்மோவை. அவர் ஊருக்கு மேற்கே குன்றின் உச்சியில் இருந்தார். அடுத்து ஆர்வில்லை, ஹாக்லண்ட் தோட்டம்தான் ஓடையோரம், ஊரிலேயே பள்ளமான இடம். போர்ட்லாண்ட் நகரத்திலிருந்து வரும் அறிக்கை வில்லமெட் பள்ளத்தாக்கு முழுவதற்கும் சேர்த்து ஒரே பேச்சாகப் பேசும். வெல்டனில் பள்ளிக்கூட பஸ் ஓடுமா, இரண்டு மணி நேரம் தள்ளி ஓடுமா என்பதற்கு அது போதாது. அதற்கு மேடும் குழியும் சொல்ல வேண்டும். தொலைபேசியை எடுத்ததும் ஆர்வில், "குழி பேசுது" என்பார். அந்தப் பக்கம் பால்மர் தினமும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்.

நவம்பரில் ஆர்வில்லை அடக்கம் செய்தார்கள். பால்மர் வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டுப் போனார். அதன்பின் அவர் கூப்பிடவில்லை. குழிக்கு வேறு யாரையோ பிடித்துக்கொண்டார் என்று லெனோரா நினைத்தாள். அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்பது ரேடியோவைக் கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. மேட்டு எண் மட்டும் வரும். அதற்குக் கீழே என்ன என்று அவர் சொல்வதில்லை.

"நீயே கூப்பிட்டுச் சொல்லேன்டி" என்றாள் வயோலா கெட்சன்.

வயோலா ஆறாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவள், லெனோராவின் பள்ளிக்கூடக் காலத்துத் தோழி. சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸைச் சந்து முனையில் நிறுத்தி, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தோடு இறங்கி வந்திருந்தாள். துக்கத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் பாத்திரத்தின் அடியில் பெயரெழுதி ஒட்டியிருந்தார்கள். லெனோரா அவற்றைக் கலந்து கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டதில், வயோலாவுடையது வேறொரு வீட்டுக்கும் அந்த வீட்டுப் பாத்திரம் வயோலாவிடமும் போயிருந்தன.

"பேரு கொட்டை எழுத்துல இருக்கு. அதைக்கூடப் படிக்கல நீ."

"படிச்சேன். மாத்தி எடுத்துட்டேன்."

"சரி, பால்மர் விஷயத்தைச் சொல்லு. ஏன் கூப்பிட மாட்டேங்கற?"

"வேணும்னா அவர் கூப்பிடுவார். ஆர்வில் ஒரு நாளாவது தானா கூப்பிட்டிருப்பாரா? அவங்கதான் கூப்பிடுவாங்க."

"ஓ, மகாராணி. பால்மர் வந்து மண்டி போட்டுக் கேக்கணுமாக்கும்." வயோலா தானே காபி ஊற்றிக்கொண்டாள். "அவனும் பாவம்டி. போன வருஷம் பனி கொட்டப்போகுதுன்னு சொல்லி ஸ்கூலையே மூட வெச்சான், வந்தது மழை. ரேடியோ வாசல்ல சறுக்கு வண்டியக் கொண்டுபோய்ச் சாத்தி வெச்சானுங்க பசங்க. பெரியவனுங்களும் சேர்ந்துதான். அதுலருந்து ஒண்ணும் வாயத் திறக்கறதில்ல. மேட்ல பனி இல்லயா, சரி, மழைன்னு முடிச்சுடறான்."

"மேட்ட மட்டும் பாத்தா எப்படி?"

"எல்லாரும் மேட்டத்தான பாக்கறோம்? பனி மேலருந்துதான இறங்குது." வயோலா சிரித்தாள். "நீ மட்டும் என்ன, வாளி மேல ஏறி நின்னுக்கிட்டு, அந்த ரெட்டைக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு, முப்பதப் பாத்து எம்பதும்ப. அதைக் கேட்டு நாங்க நீச்சல் டிரஸ்ல வருவோம்."

லெனோராவும் சிரித்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். வயோலா போகும்போது பஸ்ஸின் விளக்கை இரண்டு முறை மினுக்கிக் காட்டினாள். அது அவள் வழக்கம். காலையில் முதல் பிள்ளையை ஏற்ற ஓடைப் பாலத்தைத் தாண்டிப் போகும்போதும் சமையலறை ஜன்னலைப் பார்த்து அப்படித்தான் செய்வாள்.

அன்றிரவெல்லாம் கிழக்குக் காற்று அடித்தது. கொலம்பியா ஆற்று இடுக்கு வழியாக வரும் உலர்ந்த குளிர்காற்று. விடிவதற்குக் கொஞ்சம் முன் அது நின்று மழை பிடித்தது. லெனோரா எழுந்து பூட்ஸைப் போட்டுக்கொண்டாள். பின்படி வழுக்கியது. அதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. அக்டோபரிலிருந்தே பாசி பிடித்து வழுக்குகிற படி. டார்ச் வெளிச்சத்தில் தரை கறுப்பாக, நனைந்து கிடந்தது. வாளி மேல் ஏறினாள். இருபத்தொன்பது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். இருபத்தொன்பது.

சமையலறையில் ரேடியோவைப் போட்டபோது பால்மர் பேசிக்கொண்டிருந்தார். "மேட்டில் நாற்பத்தொன்று, மழை. பனியெல்லாம் மலைத்தொடரின் உச்சியோடு சரி. சாலைகள் ஈரமாக இருக்கும். பள்ளிகள் வழக்கமான நேரத்துக்கு. சறுக்கு வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் அதைத் தயவுசெய்து வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும்."

லெனோரா நின்றபடியே கேட்டாள். தண்ணீர் உறைகிற அளவு முப்பத்திரண்டு. மேட்டில் நாற்பத்தொன்று, இங்கே இருபத்தொன்பது. இதைப் பற்றி ஆர்வில் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஒருமுறை பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னது. "மேல கதகதன்னு இருந்து இங்க விரல் மரத்துப்போச்சுன்னா அதுதான் மோசம். குளிர்காத்து கனம். பள்ளத்துல தண்ணி மாதிரி தேங்கிடும். மேலருந்து மழையாத்தான் வரும், தரையத் தொட்டதும் கண்ணாடி."

தானே கூப்பிடக் கூடாது என்று இருந்தவள் எண்ணைச் சுழற்றினாள். எடுத்தது ட்ரூடி, ரேடியோ அலுவலகத்தில் கணக்கும் தொலைபேசியும் அவள் பொறுப்பு.

"பால்மர் மைக்ல இருக்கார். சொல்லுங்கம்மா."

"நான் லெனோரா ஹாக்லண்ட். குழிலேருந்து. இங்க இருபத்தொம்பது காட்டுதுன்னு சொல்லணும்."

"இருபத்தொம்பதா?" ட்ரூடியின் குரலில் மரியாதை இருந்தது, கூடவே இரக்கமும். "மேட்லயே நாப்பத்தொண்ணும்மா. எல்மோ இப்பத்தான் சொன்னார். கீழ வரவர சூடுதானே ஏறும்? முப்பத்தொம்பதா இருக்குமோ?"

லெனோரா ஜன்னலைப் பார்த்தாள். இருட்டில் அவள் முகம்தான் தெரிந்தது. வாளி மேல் நின்றதும், கண்ணாடி மங்கியதும், முப்பதை எண்பதாகப் படிப்பாய் என்று வயோலா சிரித்ததும், மாறிப்போன பாத்திரங்களும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எத்தனையோ குளிர்காலம் அந்தக் கம்பத்தைப் பார்த்தவர் ஆர்வில். அவள் பார்க்கத் தொடங்கி ஒரு மாதம் இருக்கும்.

"பால்மரக் கூப்பிடட்டுமா?" என்றாள் ட்ரூடி. "பாட்டு போட்டுட்டு வருவார்."

"வேணாம் வேணாம்" என்றாள் லெனோரா. "கண்ணாடி மங்கலா இருந்துது. நான்தான் தப்பாப் பாத்திருப்பேன். அவரத் தொந்தரவு பண்ணாதீங்க."

"நீங்க உடம்பப் பாத்துக்குங்கம்மா."

"சரிம்மா."

வைத்துவிட்டாள். வைத்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது. அதுதான் பின்னால் அவளை அதிகம் அறுத்தது.

காபிக்குத் தண்ணீர் வைத்தாள். கொதிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே எதுவோ டக் என்று முறிந்தது. முகத்தை ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். சமையலறை வெளிச்சம் எட்டிய மட்டும் ஹேசல்நட் மரத்தின் ஒவ்வொரு குச்சியும் மினுங்கிக்கொண்டிருந்தது. மழைநீர் சொட்டவில்லை. சொட்ட வேண்டிய துளிகள் குச்சி நுனியில் அப்படியே நின்றிருந்தன.

டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்கதவைத் திறந்தாள். படியில் கால் வைத்ததும் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். எழுந்து, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்து முனையை நோக்கி நகர்ந்தாள். கம்பியில் விரல் தடிமனுக்குக்கூட இல்லை, மெல்லிய தோல் போலத்தான் ஐஸ் மூடியிருந்தது. அதற்குள் மேட்டுச் சாலையில் பஸ்ஸின் விளக்குகள் தெரிந்தன. டார்ச்சைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். வயோலா பார்த்துவிட்டாள். பதிலுக்கு இரண்டு முறை விளக்கை மினுக்கினாள்.

பாலத்துக்கு இறங்கும் சரிவில் அந்த விளக்குகள் மெதுவாக, மிகவும் மெதுவாக, பக்கவாட்டில் திரும்பின. சாலையைக் காட்டிய வெளிச்சம் வயலைக் காட்டியது, பிறகு ஓடையை. சத்தம் சற்று நேரம் கழித்துத்தான் வந்தது.

பஸ்ஸில் பிள்ளைகள் யாரும் இல்லை. முதல் நிறுத்தம் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஊர் திரும்பத் திரும்ப அதைத்தான் சொல்லி ஆறுதல் பட்டுக்கொண்டது. லெனோரா உட்கார்ந்தும் தவழ்ந்தும் ஓடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வயோலாவுக்கு மூச்சு இருந்தது. உதவிக்கு வந்த வண்டிகளும் அந்தச் சரிவில் இறங்க முடியாமல் மேலேயே நின்றன. மணல் கொட்டி அவை கீழே வந்தபோது மூச்சு இல்லை.

வயோலாவின் அடக்கத்துக்குப் பிறகு தேவாலயக் கூடத்தில் எல்லோருக்கும் காபியும் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தார்கள். லெனோரா ஓர் ஓரமாக நின்றிருந்தாள். பால்மர் தட்டில்லாமல் அவளிடம் வந்தார். ஒரு வாரத்தில் முகம் ஒட்டிப்போயிருந்தது.

"உங்களக் கூப்பிடக் கூடாதுன்னு இல்ல, லெனோரா" என்றார். "அந்த நேரத்துல உங்க வீட்டுல போன் அடிக்க வைக்க மனசு வரல. தூங்கட்டும்னு நெனச்சேன். அது உங்களுக்காகன்னு சொல்லிக்கிட்டேன். நெசத்துல, எடுத்துப் பேசறது அவர் இல்லங்கறத நான்தான் கேக்க முடியாதவனா இருந்தேன்."

"நான் போனுக்குப் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்" என்றாள் அவள். "தினமும்."

அவர் தலையாட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டேயிருந்தார்.

பிறகு வயோலாவின் கணவர் ட்வைட் வந்தார். வாயைத் திறந்தாலே கேலி பேசுகிற மனிதர். அன்று இரவல் வாங்கிய கோட்டுக்குள் சின்னதாக இருந்தார். லெனோராவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ட்ரூடி சொன்னா. அன்னிக்குக் காலைல நீங்க போன் பண்ணிச் சொன்னீங்களாம்."

"ஆமா."

"மத்தவனெல்லாம் மேலயே பாத்துக்கிட்டிருந்தான். ஊர்ல ஒருத்தராவது சொல்லியிருக்கீங்க. அது எனக்குப் போதும்."

சுற்றி நின்றவர்கள் அவளைக் கனிவாகப் பார்த்தார்கள். சற்றுத் தள்ளிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ட்ரூடி நிமிரவில்லை. தன் பங்குத் தப்பை மறைக்கத்தான் அவள் மீதிப் பேச்சைச் சொல்லாமல் விட்டாளோ, இல்லை லெனோராவுக்காகத்தான் விட்டாளோ, தெரியவில்லை. இதை இப்படியே இருக்க விட்டுவிடலாம். ட்வைட் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்குவார்.

"சொன்னேன், ட்வைட்" என்றாள் லெனோரா. "அப்புறம் நானே இல்லன்னுட்டேன். பால்மரக் கூப்பிடறேன்னா ட்ரூடி. வேணாம்னேன். கண்ணாடி மங்கல், தப்பாப் பாத்திருப்பேன்னு சொல்லி போன வெச்சுட்டேன்."

அவர் கைகள் அப்படியே இருந்தன.

"மங்கலாவா இருந்துது?"

"இல்ல. தொடச்சுட்டுத்தான் பாத்தேன். மறுபடியும் பாத்தேன்."

"ரெண்டாவது தடவ?"

"இருபத்தொம்பது."

"அப்ப சரியாத்தான் பாத்திருக்கீங்க" என்றார் ட்வைட்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்த்தவர் போலத்தான் சொன்னார். பிறகு கோப்பையை மேசையில் வைக்கிற பதத்தில் அவள் கையை விட்டுவிட்டு, யாரிடமும் விடைபெறாமல் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

லெனோரா வாசல்வரை பின்னால் போனாள். வெளியே மழை, வழக்கமான குளிர்கால மழை. இலையிலிருந்து சொட்டியது, கூரையிலிருந்து ஓடியது, குட்டையில் வட்டம் போட்டது. உறைகிற குளிரே இல்லை. ட்வைட் மேல்படியில் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலை நீட்டிக் கீழ்ப்படியைத் தொட்டுப் பார்த்தார். இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார்.

ஒன்றுமில்லை, வெறும் ஈரம்தான், தைரியமாக இறங்குங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.