பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னவன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான்தான். எழுமலைக்கு மேற்கே சின்னக் குன்றின் மேலிருக்கும் ஒரு கரட்டுக் கோயிலுக்குக் கிடாவெட்டுச் சாமான் ஏற்றிப்போன என் ஜீப், செங்குத்தான ஏற்றத்தில் நின்று, பின்னால் உருண்டு, என் தங்கச்சி புருஷன் ராஜபாண்டியின் காலை நசுக்கியது. "பிரேக் பிடிக்கல" என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அதற்கு முந்தின வாரம் பிரேக் வேலை பார்த்த மெக்கானிக் தங்கப்பாண்டியை ஊரே ஏசியது. இரண்டு வருஷம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு, போன மாதம் பட்டறையைப் பூட்டிவிட்டார்.

2

முதல் தொடக்கம்: 'அந்தி மயங்கும் வேளையில், மலையடிவாரத்தில்'

(அடித்துவிட்டேன். நடந்தது காலை பத்து மணிக்கு.)

இரண்டாம் தொடக்கம்: 'முகேஷ் முதல் கியரில் ஜீப்பை ஏற்றினான்.'

(முகேஷ் என்று யாருமில்லை. என்னை எழுதக் கூச்சப்பட்டு வைத்த பெயர். பயல் என்னைவிடத் தைரியசாலியாக வளர ஆரம்பித்தான். இறக்கிவிட்டேன்.)

3

சரி, நானே ஓட்டுகிறேன்.

பாதி ஏற்றத்தில் சரளை வழுக்கி இன்ஜின் அணைந்தது. பிரேக்கை இறுக்கி மிதித்தேன். பின்னால் தண்ணீர் டிரம், அரிசி மூட்டை, கத்துகிற கிடா. கண்ணாடியில் பாதை தெரியவில்லை, பள்ளம்தான் தெரிந்தது.

ராஜபாண்டி கீழே குதித்தான். "மச்சான், பிரேக்க மட்டும் விட்ராதீங்க. டயருக்குக் கல்ல அண்டக் குடுக்குறேன்."

"பின்னால போகாத மாப்ள!"

"இருங்க, இந்தா வாரேன்."

(இந்த இடத்தில் செய்ய வேண்டியது இதுதான்: பிரேக்கை விடாமல் ரிவர்ஸ் கியர் போட வேண்டும். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுச் சாவியைத் திருகினால், கியரே வண்டியைப் பிடித்து நேராக இறக்கும். இது எனக்கு அன்றைக்கே தெரியும்.)

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கல் தாங்கியது. (தாங்கவில்லை.)

இரண்டு: பிரேக் பிடிக்கவில்லை.

மூன்று: அவன் கல்லோடு குனிந்தான். நான்

நான் இடது காலால்

நான் கிளட்சை மிதித்தேன். வலது காலை பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தேன். வண்டி பின்னால் உருண்டது. மேடில்லாத வாடிப்பட்டி ரோட்டில் அணைந்த வண்டியைக் கிளப்புகிற பழக்கம், அம்புட்டுத்தான். தங்கப்பாண்டியின் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

எழுதிவிட்டேன்.

5

நான் எழுதுவதையெல்லாம் முதலில் வாசிப்பது ராஜபாண்டிதான். ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில், பொழுது போகட்டும் என்று நான் கொடுத்துப் பழக்கியது. கம்பி வைத்த காலை நீட்டிக்கொண்டு பிழை திருத்துவான்.

முதல் நான்கு பகுதிகளும் இப்போது அவன் கையில் இருக்கின்றன, பக்கத்து அறையில். சற்று முன்புவரை தாள் புரளும் சத்தம் கேட்டது. "காப்பி ஆறுது, எடுத்துக் குடிங்க" என்று தங்கச்சி இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

நாற்காலி நகர்கிறது.

"மச்சான்."

கோபமா, அழுகையா, அந்தக் குரலில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால், வாசகரே, ஆறாம் பகுதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை.

"இந்தா வாரேன் மாப்ள."