கொழும்பைத் தவிர்க்கலாம்

ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே கொள்கலன் கப்பல்களைச் சேர்ந்து ஓட்டுவதற்காக ஐந்து கம்பனிகள் ஒரு கூட்டமைப்பு அமைத்திருந்தன. 1978இல் அதற்குப் பத்து வயது. விழா மலருக்கு அதன் வரலாற்றை எழுதச் சொல்லி, மெல்பேர்ண் அலுவலகத்தில் சச்சிதானந்தனைப் பிடித்தார்கள். "இங்கே ஒழுங்கான ஆங்கிலம் எழுதுகிறவர் இவர் ஒருவர்தான்" என்று மேலாளர் பார்ட்லெட் எல்லோர் முன்னாலும் சொன்னபோது அவருக்கு உச்சி குளிர்ந்தது. கொழும்பில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர் அவர். அது மூடப்பட்ட மறுவருடம் மனைவி யோகராணியோடு மெல்பேர்ணின் புறநகரான கிளேட்டனுக்கு வந்துவிட்டார்.

பழைய கோப்புகளை வாசிக்க ஒரு மாதம் கொடுத்தார்கள். மூன்றாம் கிழமை, 'துறைமுகத் தெரிவு' என்று எழுதிய கோப்புக் கட்டுக்குள் தன் கையெழுத்தைக் கண்டார்.

1969இல், கொழும்பு முகவர் அலுவலகத்தில் இருந்தபோது, இந்தக் கூட்டமைப்புக்காக அவரே தயாரித்த அறிக்கை. கொழும்பில் ஒவ்வொரு கப்பலும் எத்தனை நாள் காத்துக்கிடந்தது, மழையால் எத்தனை மணி நேர வேலை வீணானது என்று எட்டு மாதம் கணக்கெடுத்திருந்தார். குறைகளைக் காட்டினால் கொழும்புக்குக் கொள்கலன் இறங்குதுறை கட்டித் தருவார்கள் என்று அப்போது நம்பினார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் யாரோ சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்கள்: 'கொழும்பைத் தவிர்க்கலாம்.'

அதன்பின் பெரிய கப்பல்கள் அந்தப் பக்கம் வரவில்லை. கொழும்பு முகவர் அலுவலகம் மூடப்பட்டு அறுபத்திரண்டு பேருக்கு வேலை போனது. அவர்களில் ஒருவர் யோகராணியின் அண்ணன் வரதராஜா.

சச்சிதானந்தன் இதையும் ஓர் அத்தியாயமாக எழுதிக்கொண்டு போனார். பார்ட்லெட் அந்தப் பக்கங்களைத் தனியே உருவி வைத்தார்.

"இது விழா மலர், சச்சி. யாருக்கு இது வேண்டும்?"

"நடந்ததுதானே சேர். என் அறிக்கையை வைத்துத்தான் முடிவெடுத்தீர்கள்."

"தெரியும். நல்ல அறிக்கை. உன் விண்ணப்பம் வந்தபோது பெயரைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. அது இல்லாவிட்டால் உன்னை எடுத்திருப்பேனா?"

பாராட்டாகத்தான் சொன்னார். சச்சிதானந்தன் நன்றி சொல்லிவிட்டு வந்தார். நன்றி சொன்னதற்காக ரயிலில் வீடு வந்து சேரும்வரை தன்னையே திட்டினார்.

பார்ட்லெட் கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் யோகராணியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அண்ணைக்கு எழுதுங்கோ. வேறை ஆரும் சொல்லி அவர் கேள்விப்படக்கூடாது."

எழுதினார். ஆனால், தான் வேலைக்கு எடுக்கப்பட்ட காரணத்தை மட்டும் எழுதவில்லை. ஐந்தாம் கிழமை பதில் வந்தது. யோகராணிதான் உடைத்து வாசித்தாள்.

"மச்சான், நீ புதுசா ஒண்டும் சொல்லேல்லை. உன்ரை அறிக்கையின்ரை கார்பன் பிரதியை ஒபிசிலை எல்லாரும் பாத்தவை. இப்பிடி முடியும் எண்டு தெரிஞ்சுதான் செய்தனி எண்டு நினைச்சம். அவுஸ்திரேலியாவிலை கிடைச்ச வேலை அதுக்குக் கூலி எண்டும் கதைச்சவை. நான் ஒருத்தரோடையும் வாதாடேல்லை. எனக்கும் அப்பிடித்தான் பட்டது."

வாசித்து முடித்து அவள் நிமிர்ந்தாள். "கூலி இல்லையெண்டு எழுதுங்கோவன்."

சச்சிதானந்தன் பேனையை எடுத்தார். திகதியை மட்டும் எழுதிவிட்டுக் கீழே வைத்தார். "எப்பிடியப்பா எழுத?" என்றார். பார்ட்லெட் சொன்னதை அப்போதுதான் அவளிடம் சொன்னார். அவள் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள். அந்தக் கிழமை முழுவதும் சாப்பிடக் கூப்பிட்டதைத் தவிர அவருடன் பேசவில்லை.

மலர் நவம்பரில் வந்தது. வழுவழுத்த தாளில் அறுபது பக்கம். கொழும்பு என்ற பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. முதல் பக்கத்தில், எழுதியவர் சச்சிதானந்தன் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"அண்ணைக்கு ஒண்டு அனுப்பட்டோ?" என்று யோகராணி கேட்டாள்.

"வேண்டாம்."

அவள் அடுத்த நாளே தபாலில் சேர்த்தாள். வரதராஜாவிடமிருந்து பிறகு கடிதம் வரவில்லை.