வெட்டிவேர் கட்டிய வண்டி

மதுரைத் தெற்கு மாசி வீதியில் சுங்கடிச் சேலை வணிகம் செய்துவந்த ராஜாராமின் அம்பாசிடர் காரை ஓட்டியவருக்குக் காசிமாயன் என்று பெயர். நாற்பது வயதைக் கடந்தவர். அலங்காநல்லூர்ப் பக்கத்து மனிதர். விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டியைக் கழுவிவிடுவார். கிளப்புமுன் பானெட்டை இருமுறை தட்டுவார். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு கிடக்கும். உறங்கும்போதும் அது இறங்குவதில்லை என்று அவர் மனைவி செல்லத்தாய் குறைபட்டுக்கொள்வாள். பின்னிருக்கையில் அவர் ஒருநாளும் அமர்ந்ததில்லை. அது முதலாளியின் இடம் என்பது ஒரு காரணம். அங்கே உட்கார்ந்தால் கைகளை என்ன செய்வது என்று விளங்காது என்பது மற்றொரு காரணம்.

எண்பத்து நான்காம் ஆண்டு தை மாதத்தில் ராஜாராம் அந்த வண்டியைச் சென்னைக்கு அனுப்பி, அதில் ஏ.சி. பொருத்தி வரச் செய்தார். அவருடைய வீதியில் அதுவே முதல் ஏ.சி. வண்டி. ஆதலால் கண்ணாடிகளை இறக்குவது மரியாதைக் குறைவு என்று அன்று முதல் வீட்டில் ஒரு சட்டம் ஏற்பட்டது. சித்திரை வெயில் ஏறியபோது அவருக்கு மேலும் ஒரு யோசனை உதித்தது. சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்தால் அறை குளிர்கிறதன்றோ? அவ்வாறே வண்டியின் முகப்புக் கம்பிகளுக்குப் பின்னாலும் ஒரு தட்டி கட்டினால் என்ன?

"பாதி வேலைய மெசினு பாக்கும், பாதி வேலைய வேரு பாக்கும்" என்று கடைக்கு வந்தோரிடமெல்லாம் அவர் சொல்லி மகிழ்ந்தார். நாள்தோறும் காலையில் அந்தத் தட்டிக்கு ஒரு சொம்பு நீர் தெளிப்பது காசிமாயனின் கடமைகளில் ஒன்றாயிற்று.

வைகாசியில் ராஜாராமின் மகள் ரங்கநாயகிக்குத் திருமணம் உறுதியாயிற்று. மாப்பிள்ளை வீடு வண்டியூர்த் தெப்பக்குளத்தின் அருகே இருந்தது. "ஒங்க பையன் ஒரு சொட்டு வேர்வை இல்லாம மண்டபத்து வாசல்ல வந்து எறங்குவாரு" என்று ராஜாராம் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கு பலிக்கவேண்டும் என்பதற்காக, ஒற்றையாக இருந்த வெட்டிவேர்த் தட்டியை இரண்டு அடுக்காகக் கட்டச் சொன்னார்.

அதன் பின்னரே தொல்லை தொடங்கியது. காலையில் சிறிது நேரம் குளிர்ந்த காற்று வரும். பத்து மணி ஆனதும், ரொட்டி சுடும் அடுப்பின் வாயிலிருந்து வருவதுபோல் அனல் வீசும். உறவினருக்குப் பத்திரிகை வைக்கக் கொட்டாம்பட்டிக்குச் சென்ற அன்று, ஏற்றிய கண்ணாடிகளுக்குள்ளே ராஜாராமும் அவர் மனைவி சூடாமணியும் வெந்துபோனார்கள். சூடாமணி பூசியிருந்த பவுடர் மேலூர் தாண்டுமுன்பே கழுத்துக்கு இறங்கியிருந்தது.

வீடு திரும்பியதும் ராஜாராம் வண்டியை விட்டு இறங்காமலே விசாரணையைத் தொடங்கினார்.

"மெட்ராஸ்ல ஏ.சி.க்கு கேஸ் முழுசா அடிச்சுத்தான குடுத்தான்?"

"ஆமாங்க மொதலாளி."

"நாலு மாசத்துல அது எங்கிட்டுப் போச்சு?"

"தெரியலைங்க. காத்தும் சூடா வருது, இஞ்சினும் சூடாகுது. நானும் ரெண்டு தடவ சொன்னேன்."

"இஞ்சினக் கேக்கல. மத்தியானம் நான் கடையில கண்ணசர்றப்ப நீ எங்க இருக்கே?"

"வேப்பமரத்தடியில துண்ட விரிச்சுப் படுத்திருப்பேன்."

"வேப்பமரத்தடியிலயா, ஏ.சி.யப் போட்டுக்கிட்டு வண்டிக்குள்ளயா?"

காசிமாயன் சூடாமணியைப் பார்த்தார்.

"விடுங்க, கல்யாண நேரத்துல போயி" என்றாள் சூடாமணி.

"நீ சும்மா இரு. அம்புட்டு கேஸையும் தூங்கியே தீத்துட்டான். இந்தா பாரு காசி, கல்யாணம் முடியட்டும். அப்புறம் நீ வேற எடம் பாத்துக்க."

பதினோரு ஆண்டுப் பழக்கம் இந்த ஒரு சொல்லில் முடிந்துவிடும் போலிருந்தது. வேலை போவதைக் காட்டிலும் கெட்ட பெயர் வருவதே காசிமாயனை மிகுதியாக உறுத்தியது. முதலாளி உறங்கும் நேரம் பார்த்து அவர் வண்டியில் சுகம் கண்டவன் என்று ஊர் சொன்னால், மதுரையில் எவர் நம்பித் தம் வண்டிச் சாவியைக் கையில் கொடுப்பார்? அதற்குள்ளாகவே செய்தி தேநீர்க் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "என்ன மாப்ள, கொடைக்கானல்ல தூக்கமெல்லாம் எப்பிடி?" என்று ரிக்‌ஷாக்காரச் சங்கிலி உரக்கக் கேட்க, பெஞ்சில் இருந்த அனைவரும் சிரித்தார்கள். காசிமாயன் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

திருமணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. மறுநாளே அவர் வண்டியைத் தெப்பக்குளச் சாலையில் இருந்த ஹரிராமின் பட்டறைக்குக் கொண்டுசென்றார். ஹரிராம் குளிர்பதனப் பெட்டிகளைப் பழுது பார்த்துப் பழகி, பின்னர் வண்டி ஏ.சி.க்கு வந்தவர். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெப்பமானியைச் செருகியிருப்பார். கண்ணை முழுதும் மூடும் கண்ணாடியும் தோலுறையும் அணியாமல் எந்தக் குழாயையும் அவர் தொட்டதில்லை. கேலி செய்வோரிடம், கேஸ் பட்ட ஒருவரின் விரலைத் தாம் பார்த்திருப்பதாக மட்டும் சொல்லுவார்.

"அண்ணே, மொதல்ல அந்தத் துண்டக் கழட்டி வையிங்க" என்றார் ஹரிராம்.

"துண்டு என்ன பண்ணப் போகுது?"

"பானெட்டத் தெறந்து வச்சு இஞ்சின ஓட்டப் போறோம். பேன் சுத்துறப்பத் துண்டு நுனியப் புடிச்சா, கழுத்தும் கூடவே போகும். அப்புறம் ஏ.சி. யாருக்கு?"

செல்லத்தாயால் பதினெட்டு ஆண்டுகளாக இயலாதது அங்கே ஒரு நொடியில் நடந்தது. துண்டு ஆணியில் தொங்கியது. கழுத்து வெறுமையானதில் காசிமாயனுக்குச் சற்றே வெட்கமாகக்கூட இருந்தது.

இஞ்சின் ஆறும்வரை ஹரிராம் காத்திருந்தார். பிறகு குழாய்களின் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் சோப்பு நுரையைத் தடவி, மூச்சு விடாமல் உற்றுப் பார்த்தார். ஓரிடத்திலும் குமிழி எழவில்லை. எண்ணெய்க் கசிவும் இல்லை. அதன்பின் நீலமும் சிவப்புமாக இரண்டு வட்ட முகங்கள் கொண்ட, கேஸின் அழுத்தம் காட்டும் மீட்டரை எடுத்து, அதன் திருகுகள் மூடியிருப்பதை இருமுறை சரிபார்த்துக் குழாய்களில் பொருத்தினார். இஞ்சினைக் கிளப்பி ஏ.சி.யைப் போடச் சொன்னார்.

சிவப்பு வட்டத்தின் முள் இருநூறைத் தாண்டியது. இருநூற்றைம்பதையும் தாண்டி முந்நூறை நோக்கி ஏறியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

இஞ்சின் நின்றது. ஹரிராம் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினார்.

"கேஸ் கொறைஞ்சிருந்தா முள்ளு கீழ கெடக்கணும்ணே. இது மேல போயி முட்டுது. ஒங்க கேஸ் ஒரு பொட்டுக்கூடக் கொறையல."

"இன்னொருக்கச் சொல்லுங்க."

"கொறையல."

"இத எங்க மொதலாளி முன்னாடி சொல்லுவீங்களா?"

சொல்லும் வாய்ப்பு உடனே வந்தது. சங்கிலியின் ரிக்‌ஷா பட்டறை வாசலில் வந்து நிற்க, அதிலிருந்து ராஜாராமே வேர்த்து விறுவிறுத்து இறங்கினார். ஓட்டுநரும் பழுது பார்ப்பவரும் கூடிப் பேசி ஒரு கதையைக் கட்டிவிடக்கூடும் என்பது அவர் ஐயம்.

"பீடிய அணைச்சுட்டு உள்ள வாங்க" என்று ஹரிராம் சங்கிலியைத் தடுத்தார்.

"இங்க என்ன பெட்ரோலா கெடக்கு?"

"இந்த கேஸ் தீப்பத்தாது. ஆனா நெருப்புல பட்டா வெசப் பொகையா மாறும். ஒங்க பீடிக்காக நான் சாகணுமா?"

சங்கிலி பீடியைக் காலில் போட்டு நசுக்கிவிட்டு, வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

ராஜாராமும் ஹரிராமும் தங்கள் சௌராட்டிர மொழியில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். விசாரிப்பு நீண்டது. ஒரு சொல்லும் விளங்காமல் காசிமாயன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இடையே ஒருமுறை இருவரும் சிரித்தபோது, ஆணியில் தொங்கிய துண்டை எடுத்துக்கொண்டு நடந்துவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது. நல்லவேளையாக ராஜாராம் தமிழுக்குத் திரும்பினார்.

"ரெண்டு டின் கேஸ அடிச்சு விடுப்பா. எட்டு நாள்ல கல்யாணம்."

"அடிக்க மாட்டேங்க. இருக்குற கேஸே அழுத்தம் தாங்காம நிக்குது. மேல ரெண்டு டின் ஏத்துனா ஹோஸு வெடிக்கும். கண்ணுல பட்டாக் கண்ணு ஒறைஞ்சு போகும்."

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. அடிக்கிற ஆளு மதுரையில இல்லாமலா போவான்?"

"இருப்பாங்க. அவங்க அடிக்கிறப்ப நீங்க மட்டும் பத்தடி தள்ளி நின்னுக்கங்க. கல்யாண வீட்டுக்காரரு பாருங்க."

ராஜாராம் தம்மையறியாமல் வண்டியிலிருந்து ஓரடி விலகினார். ஹரிராம் காசிமாயன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, ரேடியேட்டர் தண்ணி எம்புட்டுக் குடிக்குது?"

"முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு சொம்பு. பத்து நாளா தெனமும் ரெண்டு சொம்புங்க."

"பத்து நாளைக்கு முன்னாடி வண்டியில என்ன பண்ணுனீங்க?"

காசிமாயன் விடையை அந்த நொடியில் கண்டுகொண்டார். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. முதலாளியின் முகத்தைப் பார்த்தார். கடைக்கு வந்தவரிடமெல்லாம் வெட்டிவேரின் பெருமையை அவர் விரித்துரைத்தது நினைவுக்கு வந்தது.

"முன்னால வெட்டிவேர ரெண்டு அடுக்காக் கட்டுனோம்" என்றார் மெதுவாக.

"வெட்டிவேரா?"

"என் யோசனைதான்" என்றார் ராஜாராம், பாராட்டை எதிர்பார்ப்பவர் போல.

ஹரிராம் முகப்பின் அருகே குனிந்து, கட்டியிருந்த கயிற்றை அறுத்துத் தட்டியை வெளியே இழுத்தார். நீர் ஊற்றி ஊற்றி, கொட்டாம்பட்டிச் சாலையின் செம்மண் முழுவதும் அதில் படிந்து இறுகியிருந்தது. காய்ந்த சாண எருவாட்டிக்கும் அதற்கும் வேறுபாடு மணம் ஒன்றுதான்.

"வேரு குளுச்சிதானப்பா?" என்றார் ராஜாராம். குரல் சற்று இறங்கியிருந்தது.

"வேரு குளுச்சிதாங்க. கட்டுன எடந்தான் தப்பு. இந்த மெசினு புதுசாக் குளுச்சிய உண்டாக்குறதில்ல. உள்ள இருக்குற சூட்ட அள்ளிக்கிட்டு வந்து இந்த முன்பக்கத்துலதான் கொட்டுது. காத்துப் பட்டாத்தான் சூடு போகும். அடுப்படியில பொகை போற சன்னல்ல சாக்க அடைச்சா வீடு என்னாகும்?"

"அப்ப மொதல்ல ஒரு தட்டியா இருந்தப்ப நல்லா இருந்துச்சே?"

"புதுசுல காத்துப் போயிருக்கும். நீங்களே பாருங்க."

மாற்றுக் கண்ணாடி ஒன்று ராஜாராமின் கண்களுக்கு ஏறியது. பட்டுக்கரை வேட்டியும் அந்தக் கண்ணாடியுமாக அவர் நின்ற கோலத்தைக் கண்டு வாசலில் இருந்த சங்கிலி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இஞ்சின் மீண்டும் ஓடியது. முள் இருநூறுக்குச் சற்று மேலே சென்று, அங்கேயே அடங்கி நின்றது. வண்டிக்குள் காற்று வரும் இடத்தில் ஹரிராம் வெப்பமானியை வைத்தார். முப்பத்தெட்டில் இருந்த அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்துக்கு இறங்கியது. ராஜாராம் பின்னிருக்கையில் சாய்ந்து, கண்களை மூடி, நெடுநேரம் கழித்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஆனா தூங்குனா கேஸ் தீரும்தான?" என்று அவர் உள்ளிருந்தபடியே கேட்டார். தோற்க அவருக்கு மனம் வரவில்லை.

"தூங்குனா பெட்ரோல்தான் தீரும். கேஸு ஒடம்புல ரத்தம் மாதிரி உள்ளயே சுத்திச் சுத்தி வரும். கொறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். அது போக, இஞ்சின் ஓடுற வண்டியில கண்ணாடிய ஏத்திக்கிட்டு இவரு தெனமும் தூங்கியிருந்தா, பொகை உள்ள ஏறி என்னைக்கோ ஆள முடிச்சிருக்கும். இன்னைக்கு இப்பிடி உங்க முன்னால நிக்க மாட்டாரு."

அனைவரும் காசிமாயனைப் பார்த்தார்கள். அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"வெயிலு ரொம்ப ஜாஸ்தி இந்த வருசம்" என்றார் ராஜாராம், எவரையும் பார்க்காமல்.

வாசலில் இருந்த சங்கிலி மட்டும் அருகே வந்து, "மாப்ள, டீக்கடையில நானே சொல்லிர்றேன்" என்றான்.

திருமணத்துக்கு முந்தைய நாள் மாலையில், மாப்பிள்ளை அழைப்புக்காகப் பூக்காரி முருகம்மாள் ஒரு கூடை நிறையச் சம்பங்கியும் சாமந்தியுமாக வந்து, வண்டியின் முகப்பை முழுவதும் மறைக்கும்படி ஒரு பூத்திரையை விரித்தாள். மண்டபத்து வாசலில் நின்ற ராஜாராம் பதறி ஓடிவந்தார்.

"ஏய், எடு எடு! மூஞ்சிய மூடாத, மூச்சு முட்டும்!"

"காருக்கு ஏதுய்யா மூச்சு?"

"ஒனக்கென்ன தெரியும்? நான் கண்ணாடி போட்டுப் பாத்தவன். மேல கட்டு, பக்கத்துல கட்டு, பின்னால எம்புட்டு வேணும்னாலும் கட்டு. முன்னால ஒரு பூவு இருக்கக் கூடாது."

"முன்னால பூ இல்லாத மாப்ள காரு இதுதான்யா மொதத்தடவ" என்று முணுமுணுத்தபடி முருகம்மாள் பூவைக் கூரைக்கு ஏற்றினாள். வெட்டிவேர்த் தட்டியைச் சூடாமணி நன்றாக அலசி, பந்தல் வாசலில் தொங்கவிட்டிருந்தாள். நீர் தெளித்த வேரின் மணம் தெருமுனைவரை சென்றது.

தெப்பக்குளத்திலிருந்து மேளத்தின் பின்னே ஆமை வேகத்தில் ஊர்ந்து வந்தபோதும் வண்டி சூடாகவில்லை. மாப்பிள்ளை ஒரு துளி வேர்வையின்றி இறங்கினார். இறங்கியவுடன் இருமுறை தும்மினார் என்பதைத் தவிர, சம்பந்தி வீட்டார் சொல்லுவதற்குக் குறை ஒன்றும் இல்லை.

திருமணத்துக்கு மறுநாள் பிற்பகல், பந்தல் பிரித்துக்கொண்டிருந்த வேளையில், ராஜாராம் காசிமாயனிடம் வந்தார்.

"காசி, திங்கக்கெழம கொட்டாம்பட்டி வரைக்கும் போகணும். ஆறு மணிக்கெல்லாம் வந்துரு."

"வாரேன் மொதலாளி."

ராஜாராம் போகாமல் நின்றார். துண்டுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். அத மனசுல வச்சுக்காத" என்றார்.

"வச்சுக்கலைங்க. வேலைய விட்டும் போகல."

காசிமாயன் வண்டிச் சாவியைத் துண்டின் நுனியால் துடைத்தார்.

"ஆனா இனிமே மத்தியானம் நீங்க படுக்குற நேரம் சாவி ஒங்க மேசையிலதான் இருக்கும் மொதலாளி. எந்திரிச்சதும் கூப்புடுங்க, வந்து வாங்கிக்கிறேன்."