மூன்றாம் மாடிக்காரர்கள் கேட்ட விதி

குடியிருப்புச் சங்கத்தின் தலைவி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் பாதிப் பேர் அவரிடம் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றவர்கள். அவர் குரல் கேட்டாலே பிரேக் போட்டுவிடுவார்கள். மூன்றாம் மாடிப் பல் டாக்டர் மட்டும் அன்று சங்க அறையில் போடவில்லை.

"வீட்டுக்காரர் இறந்துட்டா வீடு புருஷனுக்கோ பொண்டாட்டிக்கோ பிள்ளைக்கோ போகும், இல்லன்னா சங்கத்துக்கே திரும்பிடும்னு விதி இருக்கு. எங்க வீடு இவர் பேர்ல இருக்கு. நாளைக்கு இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பணும். எங்களையும் தம்பதின்னு சேர்த்துக்குங்கம்மா."

பக்கத்தில் நின்ற அவருடைய துணைவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், தலையாட்டினார்.

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல தம்பி. ஆனா தம்பதின்னா ஒரு ஆணும் ஒரு பொண்ணும். அத மாத்த என் மனசு ஒப்பல," என்றார் தலைவி.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னார். கணவர் போன பிறகு அவருடைய தங்கைதான் தலைவிக்குத் துணை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அப்ப என் கதி என்ன அண்ணி? நான் உங்களுக்குப் புருஷனா, பிள்ளையா?"

தலைவிக்குச் சுருக்கென்றது. வீடு தன் பேரில் இருக்கிறது. இத்தனை வருஷமாக அதை ஆண்டுகொண்டிருப்பவள் விதியின் எந்த மூலையிலும் இல்லை.

மறுநாள் காலையில் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினார். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டது யார் என்று உள்ளே பெரிய வழக்கே நடந்துகொண்டிருந்தது. அவரைக் கண்டதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"'கூடவே வாழ்றவங்களுக்கு வீடு'ன்னு மாத்திடலாம். நீங்களும் வருவீங்க, என் நாத்தனாரும் வருவா. யாருக்கும் உறுத்தாது," என்றார் தலைவி.

கடைக்காரரின் முகம் மலர்ந்தது. "அது போதுமே!"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தலைவியை உட்கார வைத்தார்.

"நல்ல விதிதாம்மா. கண்டிப்பா கை தூக்குவேன். ஆனா அவங்கள யாருன்னு கேட்டா 'என் நாத்தனார்'னு நிமிர்ந்து சொல்றீங்க. எங்களுக்குன்னு ஒரு பேர் வேண்டாமா? 'கூட இருக்கிறவர்'னா, வாடகையப் பங்கு போட வந்தவர் மாதிரி இருக்கு."

"அந்த வார்த்தை என் வாயில வரலையே தம்பி."

"உங்க வாயில வர வேண்டாம்மா. விதியில வந்தாப் போதும்."

தலைவி வீட்டுக்குத் திரும்பினார். இரண்டு நாள் சங்கத்தின் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு திருத்தங்களையும் தனித்தனியாக வைத்தார். முதலாவதற்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. தம்பதி என்றால் இரு ஆண்களும் இரு பெண்களும் அடங்குவர் என்ற இரண்டாவதற்குச் சலசலப்பு எழுந்தது.

"நீங்களே ஒத்துக்கலையாமே?" என்றார் முதல் மாடிக்காரர்.

"என் மனசு இன்னும் பாதி வழியிலதான் நிக்குது, மறைக்கல. அது வந்து சேர்ற வரைக்கும் இவங்க ஏன் காத்துக் கிடக்கணும்?" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார்.

சிலர் கடைசிவரை தூக்கவில்லை. ஆனாலும் திருத்தம் நிறைவேறியது. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும் அல்ல.

நாற்காலிகளை அடுக்கும்போது முதல் மாடிக்காரர் டாக்டருக்கு எதிரே வந்து நாற்காலி அடுக்கின் ஒரு முனையைப் பிடித்தார். அவர் கை தூக்காதவர்.

"எனக்கு இன்னும் சரின்னு படல," என்றார்.

"தெரியும் சார்."

"கடைவாய்ப் பல் ஒண்ணு ஆடுது. எப்ப வரட்டும்?"

"நாளைக்கே வாங்க," என்றார் டாக்டர்.