பௌர்ணமி விருந்து

பௌர்ணமி என்று தெரிந்தே பிரியாணி விருந்து வைப்பார்களா? வைப்பார்கள். அதுவும் கூடத்தில் புத்தர் படத்துக்கு மாலை போட்டு, சீரியல் பல்பு சுற்றி, அதற்கு நேர் எதிரே ஃப்ரிட்ஜில் பீர் பாட்டிலாக அடுக்கி வைப்பார்கள். யசோதராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுரங்க ஊரான நந்திதுர்க்கில், சேரன் வீட்டில் அவன் அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள். சாயங்காலம் கேக் வெட்டியதும் பெரியவர்கள் உட்கார்ந்து சேரனுக்கும் யசோதராவுக்கும் நிச்சயதார்த்தத் தேதி குறிப்பதாகப் பேச்சு. முப்பத்து நாலு வயதில் மகளுக்கு வாய்த்த இடம் என்று அம்மா சரோஜா பட்டுப்புடவையில் வந்திருந்தாள். யசோதரா வெள்ளைப் புடவையில். பௌர்ணமிதோறும் புத்த விகாரத்துக்குப் போய் எட்டுச் சீலம் என்கிற விரதம் எடுக்கிறவள் அவள். அன்று நடுப்பகலுக்கு மேல் மறுநாள் விடிகிறவரை தண்ணீர் தவிர வேறெதுவும் தொடமாட்டாள். நகை கிடையாது, பாட்டு, கூத்து கிடையாது. பொய் என்றைக்குமே கிடையாது.

இதெல்லாம் சேரனுக்குத் தெரியும். பெங்களூர் ரயிலில் தினமும் எதிர் சீட்டில் வருகிறவன். ஆபீசில் தன்னைச் சாமியாரம்மா என்று கேலி செய்கிறார்கள், பார்ட்டியில் கோலாவில் எதையோ கலந்து நீட்டுகிறார்கள் என்று அவள் பொருமியபோது, "விடு யசோ, அவங்களுக்கு இன்னா தெரியும்?" என்றவன். அந்த ஒரு பேச்சில்தான் அவள் விழுந்தாள். பாழாய்ப்போன மனசு.

பந்தி போட்டார்கள். சேரனின் அம்மா பாக்கியவதி நல்ல கறித்துண்டாகப் பார்த்து எடுத்து அவள் இலைப் பக்கம் வந்தாள். "எனக்கு வேணாம் அத்தை" என்று யசோதரா வாயைத் திறப்பதற்குள் சேரன் முந்திக்கொண்டான்.

"அவளுக்கு அல்சர்மா. டாக்டரு காரமே கூடாதுன்னுட்டாரு."

அவ்வளவுதான், வீடே உருகிவிட்டது. "அய்யய்யோ, இந்த வயசுலயா?" என்றாள் பாக்கியவதி. பெங்களூரிலிருந்து வந்திருந்த அண்ணி, தெரிந்த டாக்டரின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். ஒருத்தரும் கேலி செய்யவில்லை. வயிற்றில் புண் என்றால் இத்தனை மரியாதை! மனசில் ஒரு நம்பிக்கை என்றால் மட்டும் ஆளாளுக்குக் கிண்டல். சேரன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். காப்பாற்றிவிட்டானாம்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கத்தான் பார்த்தாள். தேதி பார்க்கக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அம்மாவின் முகம் பூரித்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துப் பாக்கியவதி ஒரு சொம்பு மோரோடு வந்து நின்றாள்.

"வயித்துப் புண்ணுக்கு மோர் நல்லதும்மா. எனக்காக ஒரு வாய் குடி."

மோரும் ஆகாது. அதற்கு இன்னொரு பொய் வேண்டும். அடுத்த பௌர்ணமிக்கு வேறொன்று. இந்த நல்ல மனுஷி முன்னால் ஆயுசு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதா?

"எனக்கு அல்சரே இல்ல அத்தை. இன்னிக்குப் பௌர்ணமி, சீலம் எடுத்திருக்கேன். கல்யாணத்துக்கப்புறமும் எடுப்பேன்."

பாக்கியவதி சொம்பைக் கீழே வைத்தாள். "நாங்களும் புத்தரைக் கும்புடறவங்கதான். இந்த வீட்டுல யாரும் பட்டினி கெடந்ததில்ல. எங்களுக்குப் பாடம் எடுக்க வந்துக்கினியா?"

"இனிமே நம்ம பார்ட்டிக்கெல்லாம் பச்சத்தண்ணிதான்" என்று அண்ணி சிரித்தாள். காலண்டரை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டார்கள்.

சேரன் வாசல்வரை பின்னாலேயே வந்தான். "ஒரு அல்சரோட முடிஞ்சிருக்கும். எல்லார் முன்னாடியும் என்னைப் பொய்யனாக்கிட்ட இல்ல?"

"நோயாளின்னா கட்டிக்குவீங்க. சீலம் எடுக்கறேன்னா வெளிய சொல்லிக்க வெக்கமா?"

"ஆமா, வெக்கமாத்தான் இருக்குது" என்றான். அன்று அவன் சொன்ன ஒரே உண்மை அது. அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

தெருமுனை வந்ததும் சரோஜா ஆரம்பித்தாள். "கல்லுடி நீ. ஒரு வாரம் கழிச்சிச் சொன்னா ஆவாதா?"

"எனக்கு மட்டும் அவரு வேணாமாம்மா? வேணும். வேணுங்கறதாலதான் அழுகையா வருது. சொல்லாம இருக்கத்தான் பார்த்தேன், முடியல."

சரோஜா சட்டென்று நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப வா, திரும்பிப் போலாம். பசி தாங்கல அத்தை, ஒரு வாய் போடுங்கன்னு கேளு. பாக்கியவதி நல்லவ, மனசு எறங்கிடுவா. பந்தி இன்னும் முடியல."

அதில் பொய்கூட இல்லை. பசி பிடுங்கித் தின்றது. பிரியாணி வாசனை தெருமுனைவரை வந்தது. திரும்பிப் போனால் சேரன் கிடைத்தாலும் கிடைப்பான். யசோதரா அம்மாவின் கையை உதறிவிட்டு, வாய்விட்டு அழுதுகொண்டே பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.