நூலகரின் இடது கால்

1

இந்தக் கதையை என் அக்கா கணவரின் இடது காலிலிருந்து எடுத்தேன். ஒப்புக்கொள்கிறேன். அனுமதி கேட்டபோது, "கால்கிட்டயே கேட்டுக்கோ மாப்ளே," என்றார். அது பதில் சொல்லாது. கதையின் சிக்கலே அதுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பதினான்கு வருடச் சர்க்கரை நோய் அந்த மனிதரின் பாதங்களை வறண்ட ஏரியாக..."

(வேண்டாம். ஏரியில் இறங்கினால் ஐந்நூறு சொல்லுக்குள் கரையேற முடியாது.)

நேராகவே சொல்கிறேன். மாமா நூலகர். திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் புரட்டி, மடிந்த மூலைகளை நீவிவிடுவார். தன் உள்ளங்காலை மட்டும் பார்த்ததில்லை. "காட்டுங்க, வெடிப்பு இருக்கான்னு பாக்கறேன்," என்று அக்கா கேட்டால், "கால்ல என்ன பாக்க இருக்கு?" என்று உள்ளே இழுத்துக்கொள்வார். முழங்காலுக்குக் கீழே ஓயாத அரிப்பு. மேசைக்கடியில் மர ஸ்கேலை விட்டுச் சொறிவார். பாதத்தில் அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. அதை ஆரோக்கியம் என்று நம்பினார்.

2

ஒரு திங்கட்கிழமை, அலமாரிகளுக்கு நடுவே மாமா நடந்துகொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. டிக். டிக். டிக்.

நின்று காதைக் கொடுத்தார். சத்தமும் நின்றது.

"எவனோ சத்தம் போடறான், என்னைக் கண்டதும் அடக்கிக்கிறான் பாருங்கம்மா," என்றார், புத்தகம் அடுக்கும் அம்மாளிடம்.

செவ்வாய்க்கிழமை சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டி வைத்தார். புதன்கிழமை மின்விசிறிகளை நிறுத்தினார். வாசகர்கள் வியர்க்க விறுவிறுக்கப் படித்தார்கள். வியாழக்கிழமை, தினமும் பேப்பர் படிக்க வரும் தையல்காரர் மாட்டினார். சட்டைப்பையில் கத்தரிக்கோல் இருந்ததுதான் குற்றம்.

"தயவுசெஞ்சு வெளியே போங்க."

(நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். உங்களுக்கு வலி தெரிகிற கால் இருக்கிறது.)

தையல்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்று பத்து நிமிடம் கவனித்தார். பிறகு விடுவிடுவென்று உள்ளே வந்தார்.

"சார், அந்தச் சத்தம் உங்க கூடவே நடக்குது."

"என்னய்யா பேச்சு இது?"

"கோவிச்சுக்காம இடது காலைத் தூக்குங்க."

செருப்பின் அடியில், அறிவிப்புப் பலகையில் காகிதம் குத்துகிற ஊசிப் பின் ஒன்று. தரையில் தட்டியது அதன் தட்டைத் தலை. கூர்முனை தேய்ந்த செருப்பைத் துளைத்து மேலே வந்திருந்தது. நான்கு நாளாக, ஒவ்வொரு முறை செருப்பை மாட்டும்போதும் பெருவிரலுக்குக் கீழே அதே இடத்தில் இறங்கியிருக்கிறது. செருப்பைக் கழற்றியதும் ரத்தமும் சீழும் தெரிந்தன.

"நாலு நாளா வலிக்கலையா சார்?"

"இல்லையே," என்றார் மாமா. சொன்ன பிறகுதான் அவருக்கு முகம் வெளுத்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

3

(ஊசியைக் கண்டுபிடிக்கத் தையல்காரரே வருவது ரொம்பச் சௌகரியமாக இருக்கிறது, நம்ப முடியவில்லை என்கிறார் ஒரு நண்பர். அன்று வந்தவர் அவர்தான். அதற்காக ஒரு பல் மருத்துவரையா வரவழைப்பது?)

மருத்துவமனையில் நர்ஸ் மாமாவின் பாதத்தை விளக்கருகே தூக்கிப் பிடித்தார். குதிகாலில் வெடிப்பு. காலெல்லாம் ஸ்கேல் கீறல். விரலிடுக்குகள் வெளுத்து ஊறிப்போயிருந்தன.

"இடுக்குல என்ன தடவினீங்க?"

"க்ரீம்தான்மா. தோல் வறண்டா தடவச் சொன்னாங்களே?"

"பாதத்துல தடவுங்க, இடுக்குல வேணாம். அங்க ஈரம் தங்கினா புண்ணாகும். வேற என்ன பண்ணீங்க?"

"வெந்நீர்ல ஊற வைப்பேன்."

"சூடே தெரியாத காலையா? வெந்து போயிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே!"

அக்கா மாமாவின் இன்னொரு காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளங்காலை ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தாள். இந்த முறை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, மருந்து எழுதினார். "பத்து நாள் பாப்போம். எலும்புக்குப் பரவலைன்னா ஆறிடும். பரவியிருந்தா பெருவிரலை எடுக்க வேண்டியிருக்கும்."

4

இன்று ஒன்பதாம் நாள்.

முடிவு ஒன்று: கட்டைப் பிரிக்கிறார்கள், புண் சிவந்து, சுத்தமாக, ஆறிக்கொண்டு வருகிறது.

முடிவு இரண்டு: கட்டைப் பிரிக்கிறார்கள், டாக்டர் அக்காவை மட்டும் வெளியே...

இந்த வரியில் அக்கா வந்துவிட்டாள். பின்னால் நின்று படித்தாள். இரண்டாம் முடிவு இருந்த தாளை உருவிக் கிழித்தாள். பிறகு முதல் முடிவையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"அது நல்ல முடிவுதானேக்கா?"

"அதையும் நீ முந்திக்கிட்டு எழுத வேணாம்."

நினைவிலிருந்துதான் இரண்டையும் மறுபடி எழுதியிருக்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதீர்கள். எதை வைத்துக்கொள்வது என்பது உங்கள் பாடு.

வாசலில் செருப்பை மாட்டும் முன் அவள் அதைக் கவிழ்த்து, அடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு நீயும் வா. பேனாவை வீட்டுலயே வச்சுட்டு வா."